புளித்த கல்லுக்குப் போர்த்திய மண்

சாமி,

நேற்று மாலை பிடித்த மழை இன்று காலைதான் விட்டது. ஐப்பசிக்கு இதுதான் முதல் பெரிய மழை. மில்லுக்குப் பின்னால் இருக்கும் நம் மேட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று குடையைத் தேடி பீரோ மேல் கையை விட்டேன். குடை வரவில்லை, உங்கள் துண்டு வந்தது. ஒரு முனை முழுக்கச் செங்கல் நிறத்தில் கறை. மாமி இதற்கு எத்தனை சோப்பைத் தேய்த்துப் பார்த்தார்களோ, போகவில்லை. நீங்கள் போன பிறகு காரியத்துக்காக மணவாள நகர் வீட்டுக்கு வந்திருந்தேன். அப்போது மாமி இதை மடித்து என் கையில் வைத்து, "இது உங்க ஊர் சொத்துன்னு சொல்லிண்டே இருப்பார், எடுத்துண்டு போங்கோ" என்றார்கள். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தக் கறை வந்த கதை எனக்குத்தானே முழுசாகத் தெரியும்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதே சண்டையில். கல் அரைக்கிற மில்லின் கேட்டில் நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன். என் நிலத்திலிருந்து ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன், வேரெல்லாம் துருவேறிக் கருகியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அன்று அமாவாசை. உங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் அமாவாசைக் கூட்டத்துக்கு உண்டான கைங்கரியத்தை முடித்துவிட்டு, உடை மாற்ற நேரமில்லாமல் வேட்டி, துண்டு, நெற்றியில் திருமண்ணோடு இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினீர்கள். மில்லுக்குள் ஏதோ பூஜைக்கு வருகிற ஆள் என்று நினைத்து, வாட்ச்மேன் மேல் இருந்த கோபத்தை உங்கள் மேல் கொட்டினேன்.

"இன்னா சாமி, மிஷினுக்குப் பூஜ போட வந்தீங்களா? மொதல்ல பின்னால ஓடற தண்ணிக்கு ஒரு பூஜ போடுங்க. எங்க கீழ்மடை வயலு பூரா செத்துக்கினு கீது."

"பூஜையை நாளைக்குப் பண்ணிக்கலாம். தண்ணி எங்க இருக்கு, காட்டுங்கோ" என்றீர்கள்.

வாட்ச்மேன் உங்களுக்கு சல்யூட் அடித்தபோதுதான் நீங்கள் பூஜைக்கு வந்தவரில்லை, மில்லின் கழிவுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பாகப் புதிதாக வந்திருக்கும் கெமிஸ்ட் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு மனசு வரவில்லை, நீங்களும் எதிர்பார்க்கவில்லை. ஓடைக் கரையில் குந்தி உட்கார்ந்து, துண்டின் முனையைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்தீர்கள். பிறகு அதை அப்படியே கொண்டுபோய் மேனேஜர் அறையில், அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் காயப்போட்டீர்கள். "என்னங்க இது அசிங்கமா?" என்று அவர் கேட்டதற்கு, "நம்ம தண்ணிதான் சார். கறை போனா எடுத்துடறேன்" என்றீர்களாம். சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன் இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊருக்கு நீங்கள் சாமி.

இப்போது மில்லுக்கு வருகிற புது ஆட்கள் என்னிடம்தான் கதை கேட்கிறார்கள். நானும் உங்களைப் போலவே ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஆந்திரா பக்கத்துச் சுரங்கத்திலிருந்து லாரி லாரியாக வெள்ளைக் கல் வரும். அதை மாவாக அரைத்து எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு அனுப்புவார்கள். வெள்ளைக் கல்லோடு வேண்டாத கறுப்புக் கல்லும் சேர்ந்து வரும். பெண்களை வைத்து அதைப் பொறுக்கி மில்லுக்குப் பின்னால் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது அரைப்பனை உயரத்துக்கு ஒரு மேடாகிவிட்டது. கறுப்புக் கல்லுக்குள் மஞ்சளாகப் பொடிப் பொடியாக மினுக்கும். பொன்னுக் கல்லு என்போம். அந்தப் பொன்தான் எங்கள் வயிற்றில் அடித்தது. எப்படி என்று நான் கேட்டதற்கு நீங்கள் சொன்னது இது.

"இதுல இரும்பும் கந்தகமும் சேர்ந்து இருக்கும்மா. காத்தும் தண்ணியும் பட்டா தோசை மாவாட்டம் தானா புளிக்கும். புளிச்சா வர்றது அமிலம். கல்லோட குணம் அது, அதை மாத்த முடியாது. காத்தும் தண்ணியும் போகாம மூடி வைக்கலாம்."

"மாவு புளிக்காம இருக்க நாங்க ஃப்ரிட்ஜில வெப்போம் சாமி."

"அத்தனை பெரிய ஃப்ரிட்ஜ் உங்க பஞ்சாயத்துல இருக்கா, மெம்பர்?"

நான் அப்போது வார்டு மெம்பர். அந்தப் பதவியை நீங்கள் உச்சரிக்கும்போது மட்டும் அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிடும்.

புளிப்பை முறிக்க முதலில் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தோம். மேட்டின் அடியில் குழி வெட்டி, பழவேற்காட்டிலிருந்து கிளிஞ்சல் வரவழைத்துக் கொட்டினீர்கள். "எங்க ஊர்க் குளத்துல நோய் தீரணும்னு வெல்லம் கரைப்பா. உங்க ஊர் ஓடைக்குக் கிளிஞ்சல்தான் பிரார்த்தனை" என்று சிரித்தீர்கள். கொஞ்ச நாள் கேட்டது. பிறகு கிளிஞ்சல் மேல் சிவப்பாகப் பாசி மாதிரி படிந்து, சுண்ணாம்பு வேலை செய்யாமல் நின்றுவிட்டது. வருகிற தண்ணீர் குறைந்தால் ஒழிய எத்தனை கிளிஞ்சல் கொட்டினாலும் போதாது என்றீர்கள்.

அதற்குள் மில்லுக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. அவர்கள் சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். மேட்டையே வாரி லாரியில் ஏற்றி, ஆரணிப் பக்கம் பாழாய்க் கிடக்கும் ஒரு கல்குவாரியில் கொட்டிவிடுவது. பள்ளிக்கூட வராந்தாவில் ஊர்க் கூட்டம் போட்டு மேனேஜர் இதைச் சொன்னபோது ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன் சாமி, ஒளிப்பானேன். நீங்கள் ஒருவர்தான் எழுந்து நின்று வேண்டாம் என்றீர்கள்.

"அடியில இருக்கற கல்லுக்கு இன்னும் காத்தே படலை. கிளறினா அதுவும் புளிக்க ஆரம்பிக்கும். வழியெல்லாம் சிந்தும். குவாரிக்குக் கீழ ஆறு இருக்கு, ஆத்தங்கரையில வயல் இருக்கு. அந்த ஊர்லேந்து ஒரு அம்மா நாத்தைப் பிடுங்கிண்டு வந்து உங்க வாசல்ல நின்னா என்ன பதில் சொல்வேள்?"

எங்கள் நிலத்துக்கு மேல்வரப்புக்காரர் முனிரத்தினம் குரலை உயர்த்தினார். "அத்த அந்த ஊருக்காரன் பாத்துக்குவான் சாமி. நம்ம பேஜாரு தீர்ந்தா போதும்."

கூட்டம் அவர் பக்கம்தான். ஆனால் நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வருகிற அம்மா என்றீர்களே, மில் கேட்டில் நின்ற நான்தானே அது. எழுந்துவிட்டேன். "மேட்ட நவுத்த வேணாம். சாமி சொல்றாப்பல மூடிப் பாப்போம். நிக்கலன்னா மொதல்ல சாவறது என் நெலம்தான? கீழ்மடைல மொத நடவு நான் போடறேன்" என்றேன்.

"சொல்லிட்ட. அப்பால பேச்சு மாறக் கூடாது மெம்பரு" என்றார் முனிரத்தினம்.

எங்களுக்கு இருந்ததே கீழ்மடையில் அந்த ஒரு துண்டு நிலம்தான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மூடியும் சிவப்புத் தண்ணீர் நிற்காவிட்டால் நிலமும் போகும், இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடப்பதும் போகும் என்று எனக்கும் தெரிந்தது.

மூடுவது என்றால் எதை வைத்து? அதற்கென்று விற்கிற பெரிய ஷீட்டுக்கு மில் ஒத்துக்கொள்ளவில்லை. களிமண் போட்டு இறுக்கலாம், அதற்கு ரோலர் வேண்டும், சரிவில் ரோலர் ஏறாது என்று நீங்கள் யோசனையாகவே திரிந்தீர்கள். மில் தண்ணீர் எட்டாத மேல்மடையில் நவரைப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் என்னோடு வரப்பில் வந்தவர், சட்டென்று நின்று, "இந்தத் தண்ணி ஏன் கீழ இறங்காம நிக்கறது? அடியில தார்ப்பாய் போட்டிருக்கேளா?" என்று கேட்டீர்கள். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முதுகை நிமிர்த்திச் சிரித்தார்கள்.

"சேறு அடிச்சிருக்கோமே சாமி. நல்லா ஓட்டி, மிதிச்சு, கொழகொழன்னு ஆக்கிட்டா தண்ணி எப்டி எறங்கும்?"

இதைச் சொன்னவளுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. நீங்கள்தான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். அடுத்த வாரம் ஒரு டிரம்மை வெட்டி, அடியில் கறுப்புக் கல்லைப் பரப்பி, மேலே ஏரிக் களிமண்ணைச் சேறாக மிதித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றிவைத்து, டீக்கடைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்தீர்கள். தண்ணீர் அப்படியே நின்றது. "நான் படிச்சதும் நீங்க பண்றதும் ஒண்ணுதான்மா. பேர் மட்டும்தான் வேற" என்று சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மாசியில் வேலை தொடங்கியது. ஜேசிபி வந்து மேட்டைத் தட்டி, சரிவைத் தணித்துக் கொடுத்தது. ஏரிக் களிமண்ணைப் பரப்பி, டேங்கரில் தண்ணீர் அடித்து, நாங்கள் வரிசையாக நின்று மிதித்தோம். நடவுப் பாட்டு பாடிக்கொண்டு கல் மேட்டின் மேல் சேறு மிதித்தது இந்த ஜில்லாவிலேயே நாங்கள்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம். நீங்களும் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கினீர்கள். "இன்னா சாமி, கோலாட்டமா ஆடறீங்க? குதிகால அமுக்கி மிதிங்க" என்று பெண்கள் உங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் சித்திரை வந்தது. காய்ந்த சேறு வெடித்தது. வெடிப்புக்குள் கையே நுழையும். நீங்கள் கவலையோடு கேட்டீர்கள். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "மழ வந்தா தானா மூடிக்கும் சாமி. வயலு வெடிக்கறதும் மூடறதும் புதுசா?" என்றோம். எங்கள் கூழைக் குடித்துப் பழகியவர், எங்கள் பேச்சையும் அப்படியே குடித்துவிட்டீர்கள். நெல் விளைவிக்கிற ஊர் மட்டும்தான் இப்படி நினைக்க முடியும். வயலில் வெடிப்பு வழியாக முதல் தண்ணீர் கீழே போனால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே கீழே இருப்பது புளிக்கக் காத்திருக்கிற கல் ஆயிற்றே, அதை யாருமே யோசிக்கவில்லை.

ஆடியில் ஒரு மழை அடித்தது. வெடிப்பு மூடுவதற்கு முன்னால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. மறுநாள் ஓடை முன்பு எப்போதும் ஓடாத சிவப்பில் ஓடியது. முனிரத்தினம் கரையில் நின்று, "இன்னாமே மெம்பரு, தக்காளி ரசமா ஓடுதே, ஒரு டம்ளர் புடிச்சு குடிச்சுப் பாரு" என்றார். மில்லில் மறுபடி லாரிக்குச் சொல்லியனுப்பினார்கள். எனக்கு அழுகை வந்தது, உங்கள் முன்னால் அழவில்லை. நீங்கள் மேட்டில் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள்.

"வயல்ல சேறு அடிச்சுட்டு வெறுமனே விடறதில்லையேம்மா. மேல தண்ணி நிக்கும், நாத்து நிக்கும். இங்க நாம வெறும் சேத்தை வெயில்ல போட்டுட்டோம். அது காயாம இருக்க அதுக்கு ஒரு போர்வை வேணும்."

போர்வை என்றால் மண். ஈரச் சேற்றின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல் கலந்த செம்மண், அதன் மேல் புல். வெயில் செம்மண்ணைக் காய்ச்சட்டும், சேறு அடியில் ஈரமாகவே கிடக்கும். சொல்லச் சொல்ல எனக்கும் புரிந்தது. மேனேஜரிடம் போய் கார்த்திகை வரைக்கும் தவணை கேட்டீர்கள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார், ஜன்னலில் துண்டு அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆவணியில் மறுபடி இறங்கினோம். இந்தத் தடவை ஆட்கள் பாதிதான் வந்தார்கள். அன்றன்றைக்கு மிதித்த சேற்றை அன்றன்றைக்கே மூடியாக வேண்டும் என்பது உங்கள் கண்டிப்பு, கை போதவில்லை. அப்போது மேட்டுச் சாலையில் ஒரு டிராக்டர் சத்தம். சேறடிக்கும் இரும்புச் சக்கரம் மாட்டி ஓட்டிக்கொண்டு வந்தது முனிரத்தினம்.

"எனக்கு மெம்பரு மேல நம்பிக்க இல்ல. சாமி மேலயும் இல்ல. ஆனா இத்த சேறுன்னு சொல்லிக்கினு நீங்க மிதிக்கறத என்னால பாக்க முடியல. தள்ளுங்க அப்பால."

மேட்டுத் தலையில் அவர் ஓட்டினார், சரிவில் நாங்கள் மிதித்தோம், பின்னாலேயே செம்மண் வந்து விழுந்தது. புரட்டாசி முடிவதற்குள் மேடு முழுக்கப் போர்த்தியாகிவிட்டது. சரிவெல்லாம் வெட்டிவேர், தலையில் அருகம்புல்.

அந்தச் சமயத்தில் நடந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யாரோ பெரிய மனிதரைக் கூட்டிவந்து மில்காரர்கள் மேட்டில் வேப்பங்கன்று நட வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள், கைதட்டினார்கள். கார் திரும்பியதும் நீங்கள் ஏறிப்போய் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டீர்கள். "மரத்தப் புடுங்கற ஆளுக்குத்தான் இந்த மில்லுல சுத்துச்சூழல் வேலையாம்" என்று ஊர் பேசியது. "வேர் ஆழமா போனா சேத்தைத் துளைச்சுடும்மா. புல் போதும். உங்க வாசல்ல எத்தனை வேம்பு வேணும்னாலும் வைங்கோ, இங்க வேண்டாம்" என்றீர்கள். பிடுங்கிய கன்றுகளைப் பள்ளிக்கூடத்துச் சுவரோரமாக நீங்களே நட்டுவிட்டும் போனீர்கள்.

ஐப்பசி அடித்தது, கார்த்திகை அடித்தது. ஓடை முதலில் கலங்கலாக ஓடியது, பிறகு வெளிறியது. மேட்டின் அடியில் கசிவு நின்றபாடில்லை, ஆனால் கிளிஞ்சல் குழிக்கு அடங்குகிற அளவுக்குத்தான் வந்தது. லாரிக்காரர்களை மேனேஜரே திருப்பி அனுப்பினார். மார்கழியில் ஊர் பார்க்கக் கீழ்மடையில் நான் நவரை நட்டேன். வேர் பிடித்ததும் வந்து, என்னைக் கேட்காமல் கொள்ளாமல் ஒரு குத்து நாற்றைப் பிடுங்கினீர்கள். "இன்னா சாமி இது, நட்டத புடுங்கற!" என்று கத்தினேன். கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. நீங்கள் வாய்க்காலில் அலசி வேரை என் முன்னால் நீட்டினீர்கள். புது வேர், வெள்ளை. அந்தக் குத்தை நானே திரும்ப நட்டேன்.

முதல் போகம் முழு விளைச்சல் இல்லை. கதிர் சின்னது, பதரும் இருந்தது. ஆனாலும் அறுத்துக் களத்தில் போட்டபோது முனிரத்தினம் வந்து ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். "நெல்லுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா? அடுத்த போகத்துக்குக் கீழ்மடை முழுவதும் பச்சையாக இருந்தது. ஜன்னலிலிருந்து துண்டை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். "கறை போகலையே சாமி" என்றேன். "தண்ணியிலேந்து போச்சே, போறும்" என்றீர்கள்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது சாமி, வெட்கப்படாமல் சொல்கிறேன். மேடு எங்கேயும் போகவில்லை, இங்கேயே இருக்கிறது. எங்கள் சனியனை இன்னொரு ஊர் தலையில் கட்டாமல் நாங்களே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஆரணிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் குவாரியை எட்டிப் பார்க்கிறேன். மழைத் தண்ணீர் தேங்கி, மாடுகள் இறங்கிக் குடித்துக்கொண்டிருக்கும். நாம் என்ன செய்தோம் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்பதில்தான் எனக்கு இன்னும் பெருமை.

போன மாதம் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், மேட்டுத் தலை தட்டையாக இருக்கிறதே, செம்மண்ணை வாரிவிட்டு லாரி நிறுத்த இடம் பண்ணலாமா என்று கேட்டார். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகளெல்லாம் ரோட்டில் நிற்கின்றனவாம். நான் இப்போது மெம்பர்கூட இல்லை. ஆனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு ஓரத்தில் செம்மண்ணை விலக்கி, சேற்றில் கை வைக்கச் சொன்னேன். சித்திரையெல்லாம் தாண்டிய சேறு, அப்படியே குளிர்ந்து ஈரமாக இருந்தது. "காயாம இருக்க அதுக்கு ஒரு போர்வை வேணும் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, லாரிக்கு வேறு இடம் பார்க்கலாம் என்றார்.

இன்று குடை கிடைக்காமலேயே போனேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போகிறேன். காக்காய் போட்ட விதையில் வேம்பு முளைத்திருக்கும், கருவேலம் முளைத்திருக்கும். பயிர் வைக்கிற வீட்டில் பிறந்து வாழ்க்கைப்பட்ட கை, தளிரைப் பிடுங்க முதலில் கூசும். ஆனாலும் வேர் சேற்றைத் தொடுவதற்குள் பிடுங்கிவிடுகிறேன். முனிரத்தினம் இப்போது கூடவே வருகிறார், குனிய முடியாது, கைத்தடியால் காட்டுவார். "அங்க ஒண்ணு கீது பாரு மெம்பரு."

இறங்கி வரும்போது ஓடைக் கரையில் குந்தி உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, நீங்கள் செய்த மாதிரியே துண்டின் மறு முனையை, கறை படாத முனையை, தண்ணீரில் தோய்த்துப் பிழிந்தேன். இதை எழுதும்போது அது எதிரே கொடியில் காய்கிறது.

பழைய கறை அப்படியே இருக்கிறது சாமி. புதிதாக ஒன்றும் ஏறவில்லை.